கொட்டகையிலிருந்து புத்தகக் கடைக்கு: லண்டன் கொள்ளைநோய்க் காலங்களில் எழுத்தாளர்கள் (1592–1625)

2020 ஊரடங்கின்போது ஒரு செய்தி கைபேசிக்குக் கைபேசி பரவியது: ஷேக்ஸ்பியர் 'லியர் மன்னன்' நாடகத்தைக் கொள்ளைநோய்த் தனிமையில்தான் எழுதினாராம். 1606 டிசம்பர் 26 அன்று அந்நாடகம் அரசவையில் நடிக்கப்பட்டது. அவ்வாண்டு லண்டனில் பிளேக் இருந்தது. இதற்கு மேல் சான்று ஏதுமில்லை. தனிமை வாய்த்தால் எழுத்து தானாக வரும் என்ற ஆசையே அந்தச் செய்தியை அவ்வளவு தூரம் கொண்டுபோனது. அக்கால ஆவணங்களோ பிழைப்பைப் பற்றிப் பேசுகின்றன. நோயால் நாடகக் கொட்டகைகள் மூடியபின் யார் காசு கொடுத்தார்களோ, அவர்களுக்கு ஏற்றதையே எழுத்தாளர்கள் எழுதினார்கள்.

1592 ஜூனில் கலவர அச்சத்தால் மூடப்பட்ட கொட்டகைகள், நோய் பரவியதால், இடையில் சில வாரங்கள் நீங்கலாக 1594 நடுப்பகுதிவரை திறக்கவில்லை. ஒரு நாடகத்துக்கு 5, 6 பவுண்டு கொடுத்து நாடகக் குழு வாங்கிக்கொள்ளும். பிறகு பிரதி குழுவின் சொத்து. குழுவுக்கே வரும்படி இல்லையென்றால் எழுதியவருக்கு ஏது? ஷேக்ஸ்பியர் கதைக் கவிதைக்குப் போனார். 'வீனஸும் அடோனிஸும்' 1593இல் வந்தது, 'லுக்ரீஸ்' 1594இல். இரண்டையும் அச்சிட்ட ரிச்சர்ட் ஃபீல்டு அவருடைய சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர். இரண்டும் சவுத்தாம்ப்டன் பிரபுவுக்குச் சமர்ப்பணம். தாமஸ் நாஷ் நகரைவிட்டு விலகி, கிராய்டனில் பேராயர் விட்கிஃப்டின் மாளிகையில் நடிப்பதற்கென ஒரு நாடகம் எழுதினார்.

நடிகர்களோ ஊர் ஊராக அலைந்தார்கள். எட்வர்ட் அலேன் 1593 ஆகஸ்டில் மனைவி ஜோனுக்கு எழுதிய கடிதம் டல்விச் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. அவள் கடிதத்தை இன்னொரு நடிகர் பிரிஸ்டலில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மாலைதோறும் வாசலில் தண்ணீர் ஊற்று, சன்னல்களில் அருவதா இலை வை, என் கம்பளிக் காலுறைகளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்று, செப்டம்பரில் பார்ஸ்லிப் பாத்தியில் கீரை விதை என்று வரிசையாகச் சொல்கிறார். சுமக்கத் தொல்லையாக இருக்கிறதென்று தம் வெள்ளை மேலங்கியை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார். வீட்டு நடப்பு எதையும் எழுதவில்லையே என்று மனத்தாங்கல் வேறு. அடுத்த கடிதத்தை ஷ்ரூஸ்பரிக்கோ செஸ்டருக்கோ யார்க்குக்கோ அனுப்பி, தாம் உடன் பயணித்த ஸ்ட்ரேஞ்ச் பிரபுவின் நாடகக் குழு வரும்வரை வைத்திருக்கச் சொல்லச் சொல்கிறார். சுற்றுப்பயண வழியே அவர்களுக்குத் தபால் வழியாகவும் இருந்தது.

1603இல் வந்த நோய் இன்னும் கொடியது. ஓராண்டில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். பென் ஜான்சன் அப்போது அறிஞர் கேம்டனுடன் ராபர்ட் காட்டனின் கிராமத்து வீட்டில் தங்கியிருந்தார். லண்டனில் இருந்த மூத்த மகன் நெற்றியில் இரத்தச் சிலுவைக் குறியோடு தோன்றியதைக் கண்டு பதறினாராம். வெறும் மனப்பிரமை என்று கேம்டன் தேற்றினார். பிறகு, மகன் இறந்துவிட்டான் என்று மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. பல ஆண்டு கழித்து ஜான்சன் சொல்ல, ஸ்காட்லாந்துக் கவிஞர் டிரம்மண்ட் இதைக் குறித்துவைத்தார்.

அரசரின் நாடகக் குழுவுக்கு 1604 தொடக்கத்தில் 30 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது. அப்படிப்பட்ட ஆதரவு நாடகாசிரியர் தாமஸ் டெக்கருக்கு இல்லை. அவர் நம்பியது அச்சகத்தை. 1603இலேயே பெயர் போடாமல் வெளிவந்த 'அதிசய ஆண்டு' என்ற சிறுநூலில் நோயே கதைப்பொருள். லண்டனிலிருந்து வந்த ஒருவர் வெளியூர்ச் சத்திரத்தில் இறந்துகிடக்கிறார். ஊரில் யாரும் கிட்டப் போகவில்லை. பாத்திரம் பழுதுபார்ப்பவன் ஒருவன் கூலி பேசிப் புதைக்கிறான். பிணத்தின் உடையில் பணம் கிடைத்த மகிழ்ச்சியில், புதைக்க இன்னும் லண்டன்காரர் உண்டா என்று கூவிக்கொண்டே போகிறான். வாரந்தோறும் அச்சான இறப்புப் பட்டியலைப் புரட்டிய மக்கள் இதையும் வாங்கிப் படித்தார்கள். கொட்டகைகளின் கதியும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது: வாரத்தில் 30 பேருக்கு மேல் பிளேக்கில் இறந்தால் மூடவேண்டும் என்பது கணக்கு, பிற்பாடு அது 40 ஆனது.

1608–09இல் கொட்டகைகள் மீண்டும் முடங்கியபோதும் பிழைப்புத் தேடும் இதே போக்குதான். 1625இல் 35,000 பேருக்கு மேல் இறந்தபோது, புனித பால் தேவாலயத் தலைவரான ஜான் டன், செல்சியில் டான்வர்ஸ் வீட்டில் தங்கி, குறிப்புகளாகக் கிடந்த தம் பிரசங்கங்களை விரிவாக எழுதிவைத்தார். கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் அங்கே இருந்தார், அது அவர் தாயின் வீடு. நாடகாசிரியர் ஜான் ஃபிளெட்சருக்கும் கிராமத்துக்கு வரும்படி அழைப்பு வந்தது. புதுத் துணி தைத்து வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று தாமதித்தவரை நோய் பிடித்துக்கொண்டது என்று வாழ்க்கைக் குறிப்பாளர் ஆப்ரி எழுதுகிறார். அவருக்குச் சொன்னவர் அந்தத் தையற்காரரே என்பதால் நம்பத் தோன்றுகிறது.

டெக்கர், கடனுக்காக ஏழாண்டு சிறையில் கிடந்து 1619இல் வெளிவந்தவர். 1625இல், ஊரைவிட்டு ஓடியவர்களை ஏசி ஒரு சிறுநூல் எழுதினார். அதன் முகப்புப் படத்தில் ஒரு கூட்டம் லண்டனைவிட்டு ஓடுகிறது. கிராமத்தார் ஆயுதத்தோடு மறித்து உள்ளே விட மறுக்கிறார்கள். ஓடிப்போனவர்கள் என்றாவது திரும்பிவந்து இதையும் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார்.