தரங்கம்பாடி: அடிபட்டு எழுந்த ஊர்



அரியலூரில் வரலாறு நடத்திய காலத்தில் உங்களில் பலரைத் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். கோட்டையைப் பார்த்தோம், அலையில் கால் நனைத்தோம், பஸ் ஏறிவிட்டோம். அந்த ஊர் பட்ட அடிகளையும் அது எழுந்த விதத்தையும் இன்று சொல்கிறேன்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1706-இல் வந்த சீகன்பால்க் முயற்சியால் தமிழ்ப் புத்தகங்கள் அச்சேறின. பிறகு இறங்குமுகம். நெப்போலியன் போர்க்காலத்தில், 1808 முதல் 1815 வரை, ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. வியாபாரம் படுத்துவிட, 1845-இல் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1860-களில் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் ரயில் ஓடியதும் சரக்கெல்லாம் நாகைக்குப் போனது. மாயவரத்திலிருந்து 1926-இல் வந்த ரயிலும் 1986-இல் நின்றது.

இன்னொரு பக்கம் கடல் கரையை அரித்தது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியே அலையில் போய்விட்டது.

டேனிஷ்காரன் போனான், வெள்ளைக்காரன் போனான். கடலை நம்பியிருந்த மீனவர்கள் மட்டும் எங்கும் போகவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அவர்களைத்தான் முதலில் அடித்தது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோட்டை நின்றது, மீனவர் வீடுகள் போயின.

பிறகு இரண்டு வேலைகள் நடந்தன. டேனிஷ் ஆளுநர் மாளிகை போன்ற பழைய கட்டிடங்களைப் பழுதுபார்த்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும். மற்றது, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டிய ஆயிரம் வீடுகள். கட்டிடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் குழுவினர் ஒரே அச்சில் வார்க்காமல், குடியிருக்கப்போகும் குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டார்கள். என்னைக் கேட்டால், ஊர் மீண்டது என்று சொல்ல வைப்பது இந்த இரண்டாவது வேலைதான். கல்லைச் செப்பனிட்டுவிட்டு மனிதரைக் கைவிட்டால் மிஞ்சுவது அருங்காட்சியகம், ஊர் அல்ல.

அடுத்தமுறை பிள்ளைகளோடு போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். மீனவர் தெருக்களிலும் நடங்கள், பெரியவர்களிடம் பேசுங்கள். 1956-இல் நம் மருதையாற்றில் ரயில் கவிழ்ந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தானே நாம் முதலில் கேட்டோம்?