ரேடியோ கார்ப் பந்தய பேட்டரிகள்: மலையிலும் சமவெளியிலும்

ரேடியோ கார்ப் பந்தய பேட்டரி என்பது, தொலைக் கட்டுப்பாட்டில் ஓடும் சிறிய மின்சாரக் காரின் மோட்டாரை இயக்கும், திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய மின்கலத் தொகுதி. நிக்கல்-காட்மியம், நிக்கல்-உலோக ஹைட்ரைடு, லித்தியம் பாலிமர் எனும் லிப்போ, லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஆகிய நான்கு வகைகளும் இப்பந்தயங்களில் பயன்பட்டுள்ளன. இன்று மின்சாரப் பிரிவுகளில் லிப்போவே ஆள்கிறது. வாங்க வருபவரின் கண்ணில் முதலில் படுவது உறையில் பெரிதாக அச்சிட்ட மில்லியாம்பியர்-மணிக் கணக்கு. ஆனால் ஐந்து நிமிடப் பந்தயத்தில் காரின் வேகத்தை அதிகம் தீர்மானிப்பது பேட்டரியின் உள்மின்தடை. தேர்வை அங்கிருந்து தொடங்குவதே முறை.

நிக்கல் காலம்

ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 மாதிரிக் காரை ரேடியோ கட்டுப்பாட்டுடன் வெளியிட்டது. மின்சாரக் கார்ப் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவ அது வழிவகுத்தது. 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் 1:10 அளவு மின்சார ஆஃப்-ரோடு கார்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. அக்காலத்தின் வழக்கமான பேட்டரி, ஆறு நிக்கல்-காட்மியம் செல்களைத் தொடராக இணைத்த 7.2 வோல்ட் தொகுதி. செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், கொள்ளளவு 1200 மில்லியாம்பியர்-மணி அளவில் இருந்தது.

அன்று கொள்ளளவுதான் எல்லாம். 1200 மில்லியாம்பியர்-மணியை ஐந்து நிமிடத்துக்குப் பங்கிட்டால் சராசரியாக 14.4 ஆம்பியருக்கு மேல் எடுக்க முடியாது. அதற்கு மேல் இழுத்தவரின் கார் கடைசிச் சுற்றில் நின்றுவிடும். எனவே மோட்டாரின் பற்சக்கரத்தைச் சிறிதாக வைத்து, வளைவுகளில் வேகத்தைச் சிக்கனமாகக் கூட்டி ஓட்டுவது பெரிய திறமையாக மதிக்கப்பட்டது. செல்களை ஒவ்வொன்றாக மின்னிறக்கிச் சோதித்து, ஓடும் நேரம், சராசரி வோல்ட், உள்மின்தடை மூன்றையும் சீட்டில் எழுதி ஒட்டி, ஒத்த குணமுள்ள ஆறை ஒரு தொகுதியாகச் சேர்த்து விற்கும் தனித் தொழிலே உருவானது. அத்தகைய தொகுதிகளுக்கு விலை அதிகம். வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே அது நியாயமற்ற இடைவெளியை உண்டாக்கியது.

நிக்கல்-காட்மியம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். ஆனால் பாதி இறங்கிய நிலையிலேயே மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்தால், முழுத் திறனையும் தராமல் முன்கூட்டியே வோல்ட் சரியும். காட்மியம் கொடிய நச்சு உலோகம். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் சில விலக்குகளுடன் கையடக்கக் கருவிகளில் அதைத் தடை செய்தது.

அடுத்து வந்த நிக்கல்-உலோக ஹைட்ரைடு அதே உருவில் இரண்டு, மூன்று மடங்கு கொள்ளளவைத் தந்தது. 3300 மில்லியாம்பியர்-மணித் தொகுதியில் ஐந்து நிமிடத்துக்குச் சராசரி 40 ஆம்பியர் வரை எடுக்கலாம். பின்னர் கொள்ளளவு 4000-ஐயும் தாண்டியது. ஆனால் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தில் சார்ஜ் ஏற்றினால் இந்தச் செல்கள் கடுமையாகச் சூடேறும். சில வெடித்ததும் உண்டு. சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் கசியும். எனினும் குழந்தைகள் ஓட்டிப் பழகும் காருக்கு இன்றும் இதுவே ஏற்றது. வோல்ட் தாழ்ந்தால் லிப்போ கெடுவதுபோல் இது எளிதில் கெடாது, தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு.

லித்தியம் வந்தபின்

லிப்போ செல் ஒன்றின் பெயரளவு வோல்ட் 3.7, முழுச் சார்ஜில் 4.2. இரண்டு செல் கொண்ட 2எஸ் தொகுதி 7.4 வோல்ட் தருவதால் பழைய ஆறு செல் தொகுதியின் இடத்தில் நேராகப் பொருந்தியது. ஆறு நிக்கல் செல்கள் 400 கிராமுக்கு மேல் எடை. அதே வேலையைச் செய்யும் லிப்போ சுமார் 300 கிராம்தான். விதியில் குறித்த குறைந்தபட்ச எடையை எட்ட, கார்களில் ஈயத் துண்டுகளை ஒட்ட வேண்டிய நிலை வந்தது.

இங்கேதான் கொள்ளளவின் ஆட்சி முடிந்தது. 5000 மில்லியாம்பியர்-மணி லிப்போ ஐந்து நிமிடத்தில் காலியாக வேண்டுமானால் சராசரி 60 ஆம்பியர் ஓட வேண்டும். பெரும்பாலான பந்தயப் பிரிவுகளில் கார் அவ்வளவு இழுப்பதில்லை. மிச்சமுள்ள சார்ஜ் வெறும் சுமை. அதனால் பலர் நீளம் குறைந்த, எடை குறைந்த ‘ஷார்ட்டி’ தொகுதிக்கு மாறிவிட்டனர்.

உறையில் இருக்கும் ‘சி’ எண்ணை நம்பி வாங்குவது வீண் செலவு. 5000 மில்லியாம்பியர்-மணித் தொகுதியில் 50சி என்று அச்சிட்டிருந்தால் 250 ஆம்பியர் தொடர்ந்து தரும் என்று பொருள். அப்படித் தந்தால் 72 நொடியில் பேட்டரி தீர்ந்துவிடும். இந்த எண்ணை எப்படி அளப்பது என்பதற்கு எல்லோரும் ஏற்ற முறை இல்லை. உற்பத்தியாளர் விருப்பம்போல் அச்சிடுகிறார்.

உள்மின்தடையை நல்ல சார்ஜரிலேயே அளக்கலாம். செல்லுக்கு 2 மில்லியோம் உள்ள 2எஸ் தொகுதியில் 60 ஆம்பியர் இழுக்கும்போது 0.24 வோல்ட் உள்ளேயே தொலையும். செல்லுக்கு 10 மில்லியோமாக ஏறிவிட்ட பழைய தொகுதியில் அதே கணத்தில் தொலைவது 1.2 வோல்ட், அதாவது பெயரளவு வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவும் பேட்டரிக்குள் வெப்பமாகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது ஒரு கார் பாய்வதும் இன்னொன்று தயங்குவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். வாங்கிய நாளில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் அளந்து குறித்து வைத்தால் பேட்டரி மூப்படைவது கண்ணுக்குத் தெரியும்.

இரும்பு பாஸ்பேட்டும் ஒரு தமிழரும்

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையின் அடிப்படையில் ஒரு தமிழரின் உழைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் விஞ்ஞானி ஜான் குடினஃபுடன் சேர்ந்து ஆய்வு செய்தார். சல்பேட் போன்ற பல்லணு எதிரயனிகள் கொண்ட இரும்புச் சேர்மங்கள் நேர்மின்வாயின் வோல்ட்டை உயர்த்தும் என்று அவர்கள் காட்டினர். 1997-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃபின் குழு இரும்பு பாஸ்பேட்டை முன்வைத்தது அதே வழியின் தொடர்ச்சி. 2019-இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியவர் மந்திரம்.

இந்த வகை மிகவும் பாதுகாப்பானது, நீண்ட நாள் உழைப்பது. ஆனால் செல்லுக்கு 3.3 வோல்ட்தான், இரண்டு சேர்ந்தால் 6.6. மோட்டாரை ஓட்ட லிப்போவோடு போட்டியிட முடியாது. ரேடியோ ரிமோட்டிலும், நைட்ரோ எரிபொருள் கார்களின் ரிசீவரிலும் அதற்கு நல்ல இடம் உண்டு.

சேர்வராயன் மலைச் சூழலில்

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. மஞ்சக்குட்டை போன்ற மலையூரில் நைட்ரோ கார் ஓட்டினால் எஞ்சினுக்கு ஆக்சிஜன் குறைந்து திறன் விழும். சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் ஊசியை மீண்டும் திருப்ப வேண்டும். மின்மோட்டார் ஆக்சிஜனை நம்பி ஓடுவதில்லை. மலைக்கு மின்சாரக் காரே பொருத்தம். மெல்லிய காற்றில் மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஆறுவது சற்றுக் குறையும்; மலையின் குளிர்ச்சி அதைப் பெருமளவு ஈடுசெய்துவிடும்.

அதே குளிர் பேட்டரிக்கு உதவாது. டிசம்பர், ஜனவரி காலையில் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும்போது லிப்போவின் உள்மின்தடை ஏறி, முதல் சுற்றுகளில் கார் மந்தமாக ஓடும். ஓட்டுவதற்கு முன் பேட்டரியை அறைக்குள் அல்லது துணிப்பைக்குள் வெதுவெதுப்பாக வைத்திருப்பது போதும். அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது. காப்பித் தோட்டச் சரிவுகளுக்கிடையே கிடைக்கும் மண்தரையில் மேடேறும்போது மின்னோட்டம் கூடும் என்பதால், மோட்டாரின் பற்சக்கரத்தைச் சமவெளியைவிடச் சிறிதாக வைப்பது மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நல்லது. கற்கள் உள்ள தடத்தில் கெட்டியான பிளாஸ்டிக் உறையிட்ட லிப்போ தவிர வேறெதையும் பொருத்தக் கூடாது.

மே மாதத்தில் சிக்கல் மலையடிவாரத்தில். சேலத்து வெயிலில் நிறுத்திய காருக்குள், முழுச் சார்ஜில் கிடக்கும் லிப்போ உப்பிவிடும். செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே வந்தபின் சார்ஜ் செய்வதே முறை. 5000 மில்லியாம்பியர்-மணித் தொகுதியை 5 ஆம்பியரில் ஏற்ற சுமார் 42 வாட் போதும். மின்சாரம் போனாலும் ஜீப்பின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கலாம். இரு செல்களையும் சமன்படுத்தும் சார்ஜரைத் தீப்பிடிக்காத தரையில் வைத்து, ஆள் அருகில் இருந்து கவனிக்க வேண்டும். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது.

உப்பிய அல்லது துளைபட்ட லிப்போவை மீண்டும் சார்ஜ் செய்வது உயிருக்கே ஆபத்து. அதைத் தோட்டக் குப்பையில் எறிவதும் மண்ணில் புதைப்பதும் மலைக்குச் செய்யும் தீங்கு. பழைய காட்மியம் செல்லை அப்படிச் செய்தால் நஞ்சு ஊற்றுநீர் வரை போகும். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியம், நிக்கல் உட்பட எல்லா வகைக்கும் பொருந்தும். பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும் இறக்குமதியாளர்மீதும் சுமத்துகின்றன. முனைகளில் காப்பு நாடா ஒட்டி, உலோகப் பொருள்களோடு சேராமல் தனியே எடுத்து வந்து, சேகரிக்கும் இடத்திலோ மறுசுழற்சியாளரிடமோ சேர்க்க வேண்டும்.