ஹாரெட்ஸ்: ஓர் எபிரேய நாளிதழும் இஸ்ரேலிய ஊடகத்தில் அதன் இடமும்

இஸ்ரேலில் இன்றும் அச்சில் வெளிவரும் எபிரேய நாளிதழ்களுள் மிகப் பழையது ஹாரெட்ஸ். 1919இல் எருசலேமில் தோன்றிய இது, 1923 முதல் டெல் அவீவிலிருந்து வெளிவருகிறது. இஸ்ரேல் அரசு அமைந்த பின் விற்பனையில் ஒருமுறைகூட இது முதலிடம் பெற்றதில்லை. ஆயினும் நீதிபதிகள், அதிகாரிகள், பேராசிரியர்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள் ஆகியோர் நாள்தோறும் கவனிக்கும் இதழாக அது நிலைபெற்றது. குறைந்த விற்பனையும் மிகுந்த தாக்கமும் ஒரே இதழில் சேர்ந்தமைக்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். முதலாவது, கட்சி சாராத குடும்ப உடைமை. இரண்டாவது, செய்தியின் மீது அரசு செலுத்திய கட்டுப்பாட்டை இவ்விதழ் நிறுவனம் தொடர்ந்து எதிர்கொண்ட முறை. இவ்விரண்டும் வளர்ந்த விதத்தை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது.

எபிரேய இதழியலின் பின்னணி

எபிரேய இதழியல் பாலஸ்தீனத்தில் தொடங்கவில்லை. முதல் எபிரேய வார இதழாகக் கருதப்படும் ஹமகீத், 1856இல் பிரஷ்யாவின் லிக் நகரில் வெளிவந்தது. முதல் எபிரேய நாளிதழான ஹயோம், 1886இல் ருஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கியது. எருசலேமில் 1863இல் ஹலெவனோன் வந்தது. எபிரேயத்தைப் பேச்சுமொழியாக மீட்டெடுக்க உழைத்த எலியேசர் பென் யெஹூதா, 1884இல் ஹட்ஸ்வி என்னும் இதழைத் தொடங்கினார். 1908இல் அது நாளிதழாயிற்று. வழிபாட்டுக்கும் கல்விக்கும் உரியதாயிருந்த மொழியில் அன்றாடச் செய்தியை எழுதுவதற்குப் புதிய சொற்கள் வேண்டியிருந்தன. அவற்றை உருவாக்கிப் பரப்பும் களமாக இதழ்கள் விளங்கின.

முதல் உலகப் போரில் உதுமானிய ஆட்சியின் கீழ் இந்த இதழ்கள் முடங்கின. 1917 டிசம்பரில் எருசலேமைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் படை, 1918இல் தன் வார இதழின் எபிரேயப் பதிப்பை வெளியிட்டது. ருஷ்யாவைச் சேர்ந்த சியோனிச வணிகரும் கொடையாளருமான ஐசக் லெய்ப் கோல்ட்பர்க் முதலிய சிலர் அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1919 ஜூன் மாதத்தில் ஒரு நாளிதழைத் தொடங்கினர். சில மாதங்களில் அது ஹாரெட்ஸ் என்னும் பெயரைப் பெற்றது.

அதே ஆண்டு பென் யெஹூதாவின் மகன் இத்தமார் பென் அவி, டோஆர் ஹயோம் என்ற போட்டி நாளிதழைத் தொடங்கினார். ஹாரெட்ஸைப் பெரும்பாலும் ருஷ்யாவிலிருந்து குடியேறிய எழுத்தாளர்கள் நடத்தினர். நீண்ட கட்டுரையும் இலக்கியமும் கருத்து விவாதமும் அதில் மிகுந்திருந்தன. டோஆர் ஹயோம் அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் குரலாக, பரபரப்பும் வேகமும் கொண்டிருந்தது. கருத்துக்கு முதலிடம் தரும் இதழ், செய்திச் சுவைக்கு முதலிடம் தரும் இதழ் என்ற பிரிவு எபிரேய நாளிதழ்களில் அப்போதே தோன்றிவிட்டது.

கட்சி இதழ்களின் காலம்

பணத் தட்டுப்பாட்டால் 1922இல் எருசலேமில் சிறிது காலம் நின்றுபோன ஹாரெட்ஸ், 1923இன் தொடக்கத்தில் டெல் அவீவில் மோஷே கிளிக்சனை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. அவர் 1937 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் எபிரேய இதழ்களுள் பல, கட்சிகளின் கைகளில் இருந்தன. தொழிலாளர் கூட்டமைப்பான ஹிஸ்டாட்ரூட், பெர்ல் கட்ஸ்னெல்சனை ஆசிரியராகக் கொண்டு 1925இல் டவார் இதழைத் தொடங்கியது. சமயவாத சியோனிசத்தினர் 1937இல் ஹட்ஸோஃபே இதழையும், இடதுசாரி கிப்புட்ஸ் (கூட்டுப்பண்ணை) இயக்கத்தினர் 1943இல் அல் ஹமிஷ்மார் இதழையும் தொடங்கினர். பொதுவுடைமைக் கட்சிக்குக் கோல் ஹஆம் இருந்தது. இத்தகைய இதழ்களுக்குக் கட்சியே வாசகரையும் பணத்தையும் தந்தது. தலையங்கத்தின் எல்லையையும் கட்சியே வகுத்தது.

1935இல் சால்மன் ஷோக்கன் ஹாரெட்ஸை வாங்கினார். ஜெர்மனியில் பல்பொருள் அங்காடிகளின் தொடரை உருவாக்கிய வணிகர் அவர். பெர்லினில் ஷோக்கன் பதிப்பகத்தை நிறுவியவரும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எபிரேய எழுத்தாளர் எஸ். ஒய். அக்னோனை நீண்ட காலம் ஆதரித்தவரும் அவரே. நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் 1934இல் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். அவருடைய மகன் கெர்ஷோம் ஷோக்கன் 1939இல் ஆசிரியரானார். 1990இல் இறக்கும்வரை, ஐம்பதாண்டுக்கும் மேலாக அவரே ஆசிரியராக இருந்தார்.

ஒரே குடும்பத்தின் உடைமையும் ஒரே ஆசிரியரின் நீண்ட பணியும் இதழுக்கு உறுதியான தன்மையைத் தந்தன. பொருளாதாரத்தில் தனியார் முயற்சியையும், அரசியலில் தனிமனித உரிமையையும் சட்டத்தின் ஆட்சியையும் ஹாரெட்ஸ் ஆதரித்தது. ஆளும் மபாய் கட்சியின் அரசுசார் பொருளாதாரத்தை விமர்சித்தது. கெர்ஷோம் ஷோக்கன் 1955 முதல் 1959 வரை முற்போக்குக் கட்சியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். எனினும் இதழ் அக்கட்சியின் ஏடாக மாறவில்லை.

தணிக்கையும் நீதிமன்றமும்

பிரிட்டிஷார் 1933இல் இயற்றிய இதழியல் அவசரச் சட்டமும், 1945இன் நெருக்கடிகால ஒழுங்குவிதிகளும் இஸ்ரேல் அரசு அமைந்த பின்னும் நீடித்தன. இதழ் நடத்த உரிமம் வேண்டியிருந்தது. உள்துறை அமைச்சர் இதழை நிறுத்திவைக்க முடிந்தது. பாதுகாப்புச் செய்திகளை இராணுவத் தணிக்கையாளர் தடுக்க முடிந்தது. நாளிதழ்களின் ஆசிரியர்கள் அடங்கிய குழு ஒன்று அரசோடும் படையோடும் உடன்பாடு செய்துகொண்டு, தணிக்கையை ஒருவகைத் தன்விருப்பக் கட்டுப்பாடாக ஏற்றது.

இந்த அமைப்பின் எல்லையை முதலில் வரையறுத்த வழக்கின் தொடக்கத்தில் ஹாரெட்ஸ் செய்தி ஒன்று இருந்தது. போர் மூண்டால் அமெரிக்காவின் பக்கத்தில் 2,00,000 வீரர்களை இஸ்ரேல் நிறுத்த இயலும் என்று இஸ்ரேல் தூதர் அபா எபான் கூறியதாக 1953 மார்ச்சில் ஹாரெட்ஸ் எழுதியது. அதைக் கண்டித்துக் கோல் ஹஆம் தலையங்கம் தீட்டியது. உள்துறை அமைச்சர் கோல் ஹஆமைப் பத்து நாள் நிறுத்திவைத்தார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஷிமோன் அக்ரனாட் அந்த ஆணையை நீக்கினார். பொது அமைதிக்குக் கேடு விளையும் என்பது ஏறத்தாழ உறுதியாக இருந்தாலன்றிப் பேச்சுரிமையைத் தடுக்கலாகாது என்ற அளவுகோலை அவர் வகுத்தார். எழுதப்பட்ட முழு அரசியலமைப்பு இல்லாத நாட்டில் இத்தீர்ப்பே கருத்துரிமையின் அடித்தளமாயிற்று.

இதே அளவுகோலை இராணுவத் தணிக்கைக்கும் நீட்டித்த தீர்ப்பு 1989இல் வந்தது. ஹாரெட்ஸை நடத்தும் ஷோக்கன் குழுமத்தின் டெல் அவீவ் வார இதழான ஹஇர், உளவு அமைப்பான மொசாட்டின் தலைவரை விமர்சித்து எழுதிய கட்டுரையைத் தணிக்கையாளர் தடுத்திருந்தார். நீதிபதி அஹரோன் பராக் அத்தடையை நீக்கினார்.

அதே குழுமம் 1984இல் தொடங்கிய ஹதஷோட் நாளிதழ், ஆசிரியர் குழுவின் உடன்பாட்டில் சேரவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கடத்தப்பட்ட 300ஆம் எண் பேருந்தைப் படையினர் மீட்டனர். கடத்தியவர்கள் அனைவரும் அப்போதே இறந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் உயிருடன் பிடித்துச் செல்லப்படும் படத்தை ஹதஷோட்டின் புகைப்படக்காரர் அலெக்ஸ் லெவாக் எடுத்திருந்தார். பிடிபட்ட இருவர் ஷின் பெட் உளவு அமைப்பினரால் கொல்லப்பட்டது பின்னர் வெளிப்பட்டது. விசாரணைக்குழு அமைக்கப்பட்ட செய்தியைத் தணிக்கைக்கு அனுப்பாமல் வெளியிட்டதற்காக ஹதஷோட் சில நாள் மூடப்பட்டது. 1986இல் ஷின் பெட்டின் தலைவர் பதவி விலகினார். ஹதஷோட் 1993இல் நின்றுபோயிற்று.

சந்தையில் மாற்றம்

மக்கள் பெருவாரியாகப் படித்தவை மாலை இதழ்களாகத் தோன்றிய இரண்டு நாளிதழ்கள். யெடியோத் அஹரோனோத் 1939இல் பிறந்தது. 1948இல் அதன் ஆசிரியர் அஸ்ரியேல் கார்லெபாக் பல இதழாளர்களுடன் வெளியேறி மாரிவ் இதழைத் தொடங்கினார். மாரிவ் இருபதாண்டுக்கு மேல் முன்னிலை வகித்தது. 1970களில் யெடியோத் அதை முந்தியது. கட்சி இதழ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அல் ஹமிஷ்மார் 1995இலும் டவார் 1996இலும் நின்றன. கட்சியை நம்பியிராத ஹாரெட்ஸ் தப்பிப் பிழைத்தது.

1990க்குப் பின் கெர்ஷோமின் மகன் ஆமோஸ் ஷோக்கன் வெளியீட்டாளராக இதழை நடத்தினார். 1997இல் ஆங்கிலப் பதிப்பு தொடங்கியது. பொருளாதாரச் செய்திக்கான தி மார்க்கர் பிரிவு, ஒரு சில குடும்பங்களின் கையில் நாட்டின் தொழில்கள் குவிந்திருந்ததை எதிர்த்துத் தொடர்ந்து எழுதியது. பொருளாதாரக் குவிப்பைக் குறைப்பதற்கான சட்டம் 2013இல் நிறைவேறியதற்கு முன்னோடியான பொது விவாதத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. உடைமையிலும் மாற்றம் வந்தது. ஜெர்மனியின் டுமோன்ட் ஷாவ்பெர்க் பதிப்பகம் 2006இல் 25 சதவீதப் பங்கை வாங்கியது. 2011இல் ருஷ்யாவில் பிறந்த லியோனிட் நெவ்ஸ்லின் 20 சதவீதம் வாங்கினார். கட்டுப்பாடு ஷோக்கன் குடும்பத்திடமே இருந்தது.

2007இல் அமெரிக்கச் செல்வர் ஷெல்டன் ஆடெல்சன் தொடங்கிய இலவச நாளிதழ் இஸ்ரேல் ஹயோம், 2010 வாக்கில் வாசகர் எண்ணிக்கையில் யெடியோத்தை முந்தியது. பெஞ்சமின் நெதன்யாகுவை வெளிப்படையாக ஆதரித்த அந்த இதழை அச்சிட்டுத் தரும் ஒப்பந்தத்தை ஹாரெட்ஸ் அச்சகமே ஏற்றிருந்தது. விளம்பரச் சந்தை சுருங்கிய நிலையில் ஹாரெட்ஸ் இணையத்தில் கட்டணச் சந்தா முறைக்கு மாறியது. வாசகர் கணிப்புகளில் அதன் அச்சுப் பதிப்புக்கு ஒற்றை இலக்கச் சதவீதமே கிடைத்துவந்தது.

ஆக்கிரமிப்பும் எதிர்ப்பும்

1967 போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளில் இஸ்ரேல் ஆட்சி தொடர்வதை ஹாரெட்ஸ் தலையங்கங்கள் நெடுங்காலமாக எதிர்த்துவருகின்றன. அதன் செய்தியாளர் அமீரா ஹஸ், 1993 முதல் காசாவிலும் பின்னர் ரமல்லாவிலும் வாழ்ந்தபடி எழுதினார். பாலஸ்தீனரிடையே குடியிருந்து செய்தி தரும் இஸ்ரேலிய இதழாளராக அவர் அறியப்பட்டார். தேடப்பட்டவர்களைக் கொல்வதில் உச்ச நீதிமன்றத்தின் வரையறைகளைப் படை மீறியதாக, இரகசிய ஆவணங்களின் அடிப்படையில் யூரி ப்ளாவ் 2008இல் எழுதினார். தணிக்கை அனுமதி பெற்ற கட்டுரை அது. ஆயினும் ஆவணங்களைத் தந்த முன்னாள் பெண் படைவீரர் சிறை சென்றார். 2012இல் ப்ளாவும் தண்டிக்கப்பட்டார்.

2024 அக்டோபரில் இலண்டனில் ஆமோஸ் ஷோக்கன் ஆற்றிய உரை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பயங்கரவாதிகள் என்று இஸ்ரேல் அழைப்போரைப் பாலஸ்தீன விடுதலைப் போராளிகள் என அவர் அதில் குறிப்பிட்டிருந்தார். ஹமாஸைத் தாம் அவ்வாறு கருதவில்லை என அவர் பின்னர் விளக்கினார். நவம்பரில் இஸ்ரேல் அமைச்சரவை, அரசு விளம்பரங்களையும் அரசு அமைப்புகளின் சந்தாக்களையும் ஹாரெட்ஸுக்கு நிறுத்த ஒருமனதாக முடிவெடுத்தது. உரிமத்தையும் தணிக்கையையும் கொண்டு இதழ்களைக் கட்டுப்படுத்திய காலத்தின் இடத்தில், பணத்தைக் கொண்டு அழுத்தும் முறை முன்னுக்கு வந்ததை இம்முடிவு காட்டுகிறது.

முடிவுரை

ஹாரெட்ஸ் இஸ்ரேலியப் பெரும்பான்மையின் கருத்தைப் பிரதிபலிக்கும் இதழ் அன்று. வெளிநாட்டு வாசகர் பலர் அதை நாட்டின் பொதுக் குரலாகக் கொள்வது பிழை. அதன் இடம் வேறு. அரசு மறைக்க முனைந்ததை நாட்டின் சொந்த மொழியிலேயே பதிவு செய்தது. அவ்வாறு பதிவு செய்யும் உரிமைக்குச் சட்ட அடிப்படை அமையவும் அதன் குழுமம் பங்களித்தது. கட்சிகளின் இதழ்கள் கட்சிகளோடு மறைந்தபோது, விற்பனையில் சிறியதான இந்த இதழ் நூறாண்டைக் கடந்து நிற்பதற்கு அதன் தன்னுரிமையே முதற்காரணம்.