அடகு வைத்த வீடும் ஆட்டக்களமும்

செல்வமோ குடும்பத் தொழிலோ இல்லாதவர்கள் தம் பிள்ளைகளை விளையாட்டுத் துறையில் இறக்க வேண்டாம் என்று 2025 பெப்ரவரியிலே ஒருவர் அறிவுரை கூறினார். கூறியவர் விளையாட்டின் அருமை அறியாத கணக்கப்பிள்ளை அல்லர். 2006இல் இந்தியாவின் தேசியத் தலைமைப் பூப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் பொறுப்பை ஏற்று, சைனா நேவாலையும் சிந்துவையும் ஒலிம்பிக் மேடையில் ஏற்றிய புல்லேலா கோபிசந்த். அவர் கூற்றைப் பலர் கண்டித்தனர்; சிலர் உண்மை என்றனர். ஆசிரியத் தொழில் புரியும் நாம் அதனை எளிதிற் கடந்துபோக இயலாது. தான் வழங்கும் கல்வி பணமுள்ளவர்க்கே ஏற்றது என்று ஓர் ஆசிரியன் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்தது எவ்வாறு? விடையை அவர் வாழ்க்கையிலேயே தேடலாம்.

அதற்கு முன் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஈழத்திலே பூப்பந்து என்று நாம் வழங்குவதைத் தமிழ்நாட்டார் இறகுப்பந்து என்பர். (அவர்களிடம் பூப்பந்து என்பது, தஞ்சையிலே தோன்றிய, கம்பளிநூற் பந்து கொண்டு திறந்தவெளியில் ஆடும் வேறோர் ஆட்டம்.) 1870களிலே பூனாவில் முகாமிட்டிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் இறகுப்பந்துக்கு விதி வகுத்தனர், இங்கிலாந்திலே ஒரு பிரபுவின் பட்மின்டன் மாளிகை அதற்குப் பெயர் கொடுத்தது. ஆக, தொடக்கத்திலேயே அது துரைமார் ஆட்டம். ஆயினும் அது ஏழைக்கு எட்டாமற் போனதற்குப் பிறப்பைவிட அதன் பொருளியலே காரணம் என்பது எமது கருத்து. 16 இறகுகளைத் தக்கையிலே செருகிச் செய்யும் அப்பந்தின் எடை ஏறத்தாழ 5 கிராம். இலேசான காற்றும் அதன் வழியை மாற்றிவிடும். கிரிக்கெட்டை அறுவடை முடிந்த வயலிலும், கரப்பந்தைத் தோட்டத்து லயத்தின் முற்றத்திலும் ஆடலாம். முறையான பூப்பந்துக்கோ நான்கு சுவரும் உயர்ந்த கூரையும் வேண்டும். இறகு உதிர்ந்த பந்தை எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கவும் வேண்டும். ஒரே ஆட்டத்திற் பல பந்துகள் தீரும்.

கண்டிக்குக் கிழக்கே, திகன என்னும் எமது ஊரிலே இதனைக் கண்ணாரக் காண்கிறோம். 1985இலே விக்டோரியா அணை இயங்கத் தொடங்கியது. பழைய தெல்தெனிய நகர் நீருள் மூழ்கிற்று. அந்நீர்த்தேக்கத்தின் கரையிலே, ராஜவெல்லையில், இன்று 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் பச்சைப் பசேலென விரிந்து கிடக்கிறது. கண்டி செல்லும் வழியிலே பல்லேகலையில் அனைத்துலகக் கிரிக்கெட் அரங்கு. இரண்டிற்கும் நடுவே, இரு மரங்களுக்கு இடையிற் கயிறு கட்டிப் பூப்பந்து ஆடும் பிள்ளைகளின் பந்தைக் காற்று கொண்டுபோகிறது. 13.4 மீற்றர் நீளமும் 6.1 மீற்றர் அகலமுமே ஓர் ஆட்டக்களத்தின் அளவு. கோல்ஃபுக்குக் கிடைத்த நிலத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கணித வகுப்புக்கே விட்டுவிடுகிறோம்.

கோபிசந்த் 1973 நவம்பர் 16இல் ஆந்திரத்துப் பிரகாசம் மாவட்டத்தின் நாகண்ட்லாவிலே ஒரு நடுத்தரக் குடும்பத்திற் பிறந்தார். அண்ணனும் தம்பியுமாக ஐதராபாத்திலே ஆடினர். பொறியியல் நுழைவுத் தேர்விலே அண்ணன் தேறினார், தம்பி தவறினார். படிப்பிலே தேறாதது தம் நற்பேறு என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்ததுண்டு. வெளியே சிரிப்புத்தான், உள்ளே ஒரு வர்க்கத்தின் கணக்கு இருக்கிறது. நடுத்தரக் குடும்பம் தன் பிள்ளையை முதலிற் பரீட்சைக்குத்தான் அனுப்புகிறது. பரீட்சை கைவிட்டவனே களத்தில் எஞ்சுகிறான்.

எஸ். எம். ஆரிப்பிடமும், பின்னர் பெங்களூரிலே பிரகாஷ் படுகோனேயிடமும் அவர் பயின்றார். 1994இலே, ஆட்டத்திற்கு விதி பிறந்த அதே பூனாவில், தேசிய விளையாட்டு விழாவின் இரட்டையர் ஆட்டமொன்றிலே முழங்கால் நாண் அறுந்தது. அறுவைச் சிகிச்சைகள் தொடர்ந்தன. முடிந்தான் என்று பேசப்பட்டவர் 1996 முதல் 2000 வரை ஐந்து ஆண்டுகள் இடையறாது தேசிய வாகையர். 2001 மார்ச் 11இல் பர்மிங்காமிலே, அகில இங்கிலாந்துப் போட்டியின் இறுதியாட்டத்திற் சீனத்துச் சென் ஹொங்கை 15-12, 15-6 என வென்றார். 1899 முதல் நடைபெறும் அப்போட்டியிலே, 1980இல் வென்ற படுகோனேக்குப் பின் வாகை சூடிய இந்திய ஆடவர் அவர் ஒருவரே. அந்தப் புகழ் வெயிலிலே ஒரு மென்பான நிறுவனம் விளம்பரத்துக்கு அழைத்தது. தாம் குடிக்காத பானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டமாட்டேன் என்று மறுத்தார். பணம் வேண்டாதிருந்தவரின் மறுப்பல்ல அது. சில ஆண்டுகளிலேயே அவர் கடன் வாங்கி அலைய நேர்ந்தது.

2003இலே, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திர அரசு ஐதராபாத்தின் கச்சிபௌலியிலே 5 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. நிலம் கிடைத்தது, கூரை கிடைக்கவில்லை. குடும்ப வீட்டை அடகு வைத்து 3 கோடி ரூபா திரட்டினார். அதுவும் போதவில்லை. நிம்மகட்ட பிரசாத் என்னும் மருந்துத் தொழிலதிபர் 5 கோடி கொடுத்தார். இந்தியாவுக்குப் பூப்பந்திலே ஒலிம்பிக் பதக்கம் வரவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 2008இலே பயிற்சிக்கூடம் திறந்தது. 2012இல் இலண்டனிலே சைனா வெண்கலம் வென்றார்.

இங்கே சற்று நிற்போம். 2016இல் ரியோவிலே சிந்து ஸ்பெயின் நாட்டு கரோலினா மரினிடம் இறுதியாட்டத்திலே போராடித் தோற்று வெள்ளி பெற்றதும், தெலங்கானா அரசு அவருக்கு 5 கோடியும் கோபிசந்துக்கு 1 கோடியும், ஆந்திர அரசு சிந்துவுக்கு 3 கோடியும் அறிவித்தன. பெண்ணொருத்தியின் உழைப்புக்குக் கிடைத்த அப்பரிசை நாம் குறைகூறவில்லை. ஆனால், கட்டடத்துக்கு வேண்டியிருந்தபோது வராத 5 கோடி, பதக்கம் வந்த மறுவாரமே அரசின் கையிலிருந்து வந்துவிட்டதே! விதைக்கும்போது எட்டிப்பாராதவன் கதிர் முற்றியதும் மாலையோடு வருவது நம் நாடுகளின் விளையாட்டுக் கொள்கையாகிவிட்டது.

விதைப்புக் காலத்தின் செலவை ஏற்றவை குடும்பங்களே. வேளாண் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த சைனாவின் தந்தை, விடியுமுன் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிச் சென்றார். தம் வைப்புநிதியிலிருந்தும் பணம் எடுத்தார். சிறுமி சிந்து பயிற்சிக்காக நாள்தோறும் 56 கிலோமீற்றர் பயணம் செய்தார். இலங்கையிலும் கதை வேறன்று. 2012 ஒலிம்பிக்கிலே நம் நாட்டுக் கொடியை ஏந்தி, ஜப்பானின் கெனிச்சி தாகோவை வீழ்த்திய நிலுக கருணாரத்னவுக்குப் பயிற்சியளித்தவர் தந்தை லூயிஸ் கருணாரத்ன. சகோதரர்களும் ஆட்டக்காரர்கள்; வீடே பயிற்சிக்கூடம். அத்தகைய தந்தை வாய்க்காத பிள்ளைக்கு எது பயிற்சிக்கூடம் என்ற கேள்வியை எந்த அமைச்சும் கேட்டதாக நாம் அறியோம்.

2009இலே இந்திய அரசு கோபிசந்துக்குத் துரோணாச்சாரியார் விருது வழங்கிற்று. சிறந்த பயிற்றுவிப்பாளர்க்குரிய விருதுக்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் மகாபாரதத்தை முழுவதும் படித்தார்களோ, தெரியவில்லை. குலம் பார்த்து ஏகலைவனை வாசலிலே நிறுத்தி, அவன் தானாகக் கற்றபின் கட்டைவிரலைக் கேட்டவர் அந்த ஆசான். கோபிசந்த் எவன் விரலையும் கேட்டவரல்லர். விடியற்காலை 4 மணிக்கே களத்தில் நின்று, தம் முழங்காலையும் வீட்டையும் ஈடு வைத்தவர். அவரே இன்று, வசதியில்லாதவன் வாசலுக்கு வரவேண்டாம் என்கிறார். பதக்கம் வென்றோரும் ஆட்டம் ஓய்ந்தபின் பிழைப்புக்குத் தடுமாறுவதைக் கண்ட மனிதரின் இரக்கத்திலிருந்து பிறந்த சொல் அது. அதனால் அவரை வையமாட்டோம். ஆனால் சாட்சியம் வேறு, தீர்ப்பு வேறு. வழியிலே முள் கிடக்கிறது என்பது சாட்சியம். செருப்பில்லாதவன் நடக்காதே என்பது தீர்ப்பு. அவருடைய சாட்சியத்தை ஏற்கிறோம்.

2022இலும் 2023இலும் அகில இங்கிலாந்துப் போட்டியின் அரையிறுதிவரை ஓர் இந்தியப் பெண்கள் இணை முன்னேறிற்று. ஒருவர் காயத்ரி, கோபிசந்தின் மகள். மற்றவர் திரீசா ஜோலி. கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தின் செறுபுழையிலே பிறந்தவர். திரீசாவின் தந்தை ஓர் உடற்கல்வி ஆசிரியர். வீட்டருகே மண்ணைச் சமன்செய்து களம் அமைத்து மகளுக்கு ஆட்டம் கற்பித்தார். அங்கிருந்துதான் அப்பெண் ஐதராபாத்துப் பயிற்சிக்கூடத்துக்கு வந்தார். செல்வமில்லாதவர் பிள்ளையை இறக்கவேண்டாம் என்னும் அறிவுரை அந்த ஆசிரியரின் காதில் முன்னமே விழுந்து, அவரும் மண்வெட்டியைக் கீழே வைத்திருந்தால், பர்மிங்காமிலே காயத்ரியின் பக்கத்தில் நின்றிருக்கக் கூடியவர் யார்?