சாதாரண தரத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை: இடம்பெயர்ந்த குடும்பங்கள் முன்கூட்டியே பார்க்கவேண்டியவை

ஹெந்தளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் காலையில் களனி ஆற்றைக் கடக்கிறார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கம்பஹா மாவட்டம், அந்தப் பக்கம் கொழும்பு மாவட்டம். பாடசாலை வானில் தூங்கி வழிந்துகொண்டு போகிற பிள்ளைக்கு அது வெறும் பாலம். அதே பிள்ளை உயர்தரம் எழுதி முடித்துப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும்போது, மாவட்டம் எது என்ற கேள்வியில் பேனை நின்றுவிடும். கிளிநொச்சியில் பிறந்து, வவுனியாவில் முகாமிலிருந்து, ஹெந்தளையில் வாடகை வீட்டில் வளர்ந்து, கொழும்பில் படித்த பிள்ளை எந்த மாவட்டத்துப் பிள்ளை?

நான் வன்னியில் கணிதம் படிப்பித்தவள். இப்போது ஹெந்தளையில் இருக்கிறேன். சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் அயலில் உள்ள தாய்மார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். "ரீச்சர், இவன் எதைப் படிக்கலாம்?" என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் அநேகமாக இரண்டு வருடத்துக்கு முன்னமே போயிருக்கும். அதனால்தான் இதை ஒன்பதாம், பத்தாம் தரத்தில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். தாய்மொழி, சமயம், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். மிகுதி மூன்றும் தொகுதிப் பாடங்கள். 75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 50க்கு மேல் சி, 35க்கு மேல் எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. உயர்தர வகுப்புக்குள் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். மூன்று பாடங்களிலாவது சி அல்லது அதற்கு மேல் எடுத்திருக்க வேண்டும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் பத்திரிகையில் வருவதால், ஒன்பதும் எடுக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மறுபக்கம், எட்டுப் பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்துக் கணிதத்தில் டபிள்யூ வாங்கிய பிள்ளை வாசலிலேயே நிற்க நேரிடும். போரால் பாடசாலை நாட்களை இழந்த பிள்ளைகள் கூடுதலாக விழுவது கணிதத்தில்தான். வரலாற்றை ஆறு மாதத்தில் வாசித்துப் பிடிக்கலாம். ஆறாம் தரத்துப் பின்னமும் எட்டாம் தரத்து அட்சரகணிதமும் விட்டுப்போன பிள்ளைக்குப் பதினோராம் தர வகுப்பில் உட்காருவது அந்நிய மொழி கேட்பதுபோல. அந்தப் பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாள் வகுப்பு வேண்டாம். கீழ்வகுப்புப் புத்தகத்தை எடுத்துவைத்துத் தொடங்கச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் வேண்டும்.

தொகுதிப் பாடங்களைப் பெற்றோர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. "சும்மா ஒரு பாடம்" என்று விட்டுவிடுகிறார்கள். வர்த்தகம் படிக்க எண்ணமிருந்தால் வணிகக் கல்வியும் கணக்கீடும் என்ற பாடம் அடித்தளம் போடும். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எந்தப் பிரிவுக்குப் போகிறவருக்கும் வீணாகாது. என் சொந்த அபிப்பிராயம் ஒன்றையும் சொல்கிறேன். வடக்கிலிருந்து வந்து ஹெந்தளை, வத்தளைப் பக்கம் குடியிருக்கும் பிள்ளைகள் இரண்டாம் மொழியாகச் சிங்களத்தை எடுக்கக் கிடைத்தால் எடுக்க வேண்டும். பிறகு அரச வேலைக்குப் போகும்போது பணம் கட்டிப் படிக்கிற மொழியை இப்போது தெருவிலேயே கேட்டுப் பழகலாம்.

பெறுபேறு வந்த பிறகு பிரிவு. உயிரியல், பௌதிகம் என்ற கணிதப் பிரிவு, வர்த்தகம், கலை ஆகியவற்றோடு 2013 இல் தொழில்நுட்பப் பிரிவும் சேர்ந்தது. கணிதப் பிரிவுக்குக் கணிதத்திலும், உயிரியல் பிரிவுக்கு விஞ்ஞானத்திலும் குறைந்தது சி இருக்க வேண்டும். பெயர்பெற்ற பாடசாலைகள் அதற்கு மேலும் கேட்கும். எங்கள் பக்கத்தில் தமிழ் மொழிமூலம் கணிதமும் உயிரியலும் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் ஓடுகிறார்கள். கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று தூரம் கூடக்கூட, பிள்ளை படிக்க வேண்டிய நேரம் வீதியில் போகிறது. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, ரியூசனும் முடித்து இரவு எட்டுக்கு வருகிற பிள்ளைக்கு இணைந்த கணிதம் எப்போது செய்வது? பிரிவைத் தெரிவு செய்யும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

பாடச் சேர்க்கையில் ஒரு பாடம் மாறினால் ஒரு கதவு மூடும். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியலுக்குப் பயந்து விவசாய விஞ்ஞானத்தை எடுத்த பிள்ளைக்கு விவசாயம் போன்ற துறைகள் திறந்திருக்கும், மருத்துவம் மூடிவிடும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுத்தவருக்குக் கணினித்துறைக் கற்கைநெறிகள் உண்டு, சிவில் பொறியியல் இல்லை. சில கற்கைநெறிகள் சாதாரண தரத்து ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட பெறுபேற்றையும் கேட்கின்றன. இவை எல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூலில் கற்கைநெறி வாரியாக இருக்கின்றன. உயர்தரம் எழுதி முடித்த பிறகுதான் அதை வாங்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பன்னிரண்டாம் தரத்துக்கு முன்னமே பழைய வருடத்துக் கைநூல் ஒன்றை எடுத்து, பிள்ளை விரும்பும் படிப்புக்கு நேரே என்ன பாடங்கள் எழுதியிருக்கின்றன என்று பாருங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க, ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் சித்தியும் பொது சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். அந்தப் பொதுப் பரீட்சையை யாரும் படிப்பதில்லை. மூன்று பாடத்திலும் நன்றாகச் செய்து இதில் தவறுவது கொடுமை. பரீட்சையை மூன்று தடவை எழுதலாம்.

அடுத்தது இசட் புள்ளி. 2001 முதல் நடைமுறையில் இருந்தும் இன்னும் இதைப் பற்றி வீடுகளில் குழப்பம். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் பிரித்தால் பிள்ளையின் இசட் புள்ளி. உதாரணமாக ஒரு பாடத்தில் சராசரி 45, விலகல் 15 என்று வையுங்கள். 75 எடுத்தவருக்கு 2 கிடைக்கும். இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 10. அங்கேயும் 75 எடுத்தால் 1.5தான். இரண்டு பிள்ளைக்கும் ஏ, ஆனால் பெறுமதி வேறு. ஆகவே "இந்தப் பாடம் லேசு, ஏ விழும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதை நம்பிப் பாடம் மாற்றாதீர்கள். எல்லோருக்கும் லேசான பாடத்தில் சராசரியும் மேலே ஏறிவிடும்.

இனி மாவட்டம். அனுமதி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, நுவரெலியா, பதுளை ஆகியன அந்தப் பட்டியலில் உள்ளன. கொழும்பும் கம்பஹாவும் இல்லை. சில கற்கைநெறிகளுக்கு மாவட்டம் பார்ப்பதில்லை, திறமை மட்டும். ஆனால் மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தலைமுறைக்கு 1970களின் கசப்பு வாய்க்குள் வரும். நியாயமான கசப்பு. அதே வேளை, பிற்காலத்தில் வன்னியிலும் மன்னாரிலும் ஆய்வுகூடமே இல்லாத பாடசாலைகளிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போன பிள்ளைகளுக்கு மாவட்டக் கோட்டாதான் கதவைத் திறந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இங்கே நான் கவலைப்படுவது வேறொரு பிள்ளையைப் பற்றி. முல்லைத்தீவில் எல்லாவற்றையும் இழந்து, பதினான்கு வயதில் ஹெந்தளைக்கு வந்து, இங்கே உயர்தரம் எழுதுகிற பிள்ளை. அவளுடைய இழப்பு அவளோடு வந்துவிட்டது, மாவட்டச் சலுகை வரவில்லை. போட்டி கூடிய மாவட்டத்தில், பிறந்தநாள் முதல் ஒரே வீட்டில் படித்த பிள்ளைகளோடு அவள் போட்டியிடுகிறாள். இடம்பெயர்வைக் கணக்கில் எடுக்கிற விதி இருக்க வேண்டும் என்று எங்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

அதுவரை, இருக்கிற விதியைத் தெரிந்து நடக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களே மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானவை. வசிப்பிடத்துக்கு வாக்காளர் இடாப்பும், படிப்புக்குப் பாடசாலைப் பதிவும் சாட்சி. வீடு ஒரு மாவட்டம், பாடசாலை இன்னொரு மாவட்டம் என்றிருக்கும் ஹெந்தளைப் பிள்ளைகளின் பெற்றோர் கைநூலில் அந்தப் பகுதியைப் பிள்ளை பதினோராம் தரத்தில் இருக்கும்போதே வாசித்துவிடுங்கள். எங்கள் ஆட்கள் பலர் பத்து வருடம் இங்கே இருந்தும் வாக்கை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள். காணி போய்விடும் என்ற பயம் எனக்கும் விளங்கும். ஆனால் பிள்ளை இங்கே, வாக்கு அங்கே என்றிருந்தால் விண்ணப்ப நேரத்தில் எந்த மாவட்டத்தையும் காட்ட முடியாமல் போகலாம். கோட்டாவுக்காக ஊரில் இருப்பதுபோல் கடிதம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் போகவே வேண்டாம். பொய் என்று தெரிந்தால் கிடைத்த அனுமதியும் போய்விடும்.

பத்திரங்கள் எங்களுக்கு எப்போதும் வலிக்கிற இடம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவுப் புத்தகமே அழிந்து பதிவைக் காண முடியவில்லை என்றால், அதை எழுத்தில் பெற்று உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்கலாம். இது வாரக்கணக்கில் முடியாது, மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே பரீட்சை விண்ணப்பம் வருமுன் தொடங்குங்கள். தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலை ஊடாக விண்ணப்பிக்கவும் இதுதான் முதல் படி. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து திரும்பிய பிள்ளைகளுக்கு, வம்சாவளியாக இலங்கைக் குடியுரிமை பதிவு செய்த பத்திரம் வேண்டும். அது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் வேலை. அங்கே படித்த வகுப்புச் சான்றிதழ்களையும் எறிந்துவிடாதீர்கள். மூத்த பிள்ளையின் பழைய பெறுபேற்றுச் சான்றிதழ் வன்னியில் எரிந்துபோயிருந்தால் கவலை வேண்டாம். பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களம் ஆண்டையும் சுட்டெண்ணையும் கொண்டு மறுபடி வழங்கும். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள்தான் கூட. இது நாடு முழுவதற்கும் உண்மை. சாதாரண தரத்தில் தவறியவர்களும் பன்னிரண்டாம் தரத்தில் தொழிற்பாடங்களைத் தொடர 2017 இல் 13 வருட உத்தரவாதக் கல்வி தொடங்கியது. எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை, வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும். தேசிய தொழிற்தகைமை ஒன்றாம் மட்டத்திலிருந்து ஏழுவரை போகிறது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி எங்களுக்கு எட்டாத தூரமில்லை. நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில், உயர்தரம் இல்லாதவரும் பதினெட்டு வயதுக்குப் பின் அடிப்படைக் கற்கையிலிருந்து ஏறிப் பட்டம் வரை போகலாம். வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பதால் குடும்பச் சுமை உள்ள பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மூன்று பாடமும் சித்தியடைந்தவர்களுக்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. வர்த்தமானியில் அறிவித்தல் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவித்தலைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய நட்டம்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதியோடு சில வாரங்களே தருவார்கள். விருப்பத் தெரிவு வரிசையில் ஐந்தாறு கற்கைநெறிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கீழே எழுதுவதால் மேலே எழுதியது கெடாது. உண்மையில் விரும்பும் ஒழுங்கில், தகுதியுள்ள எல்லாவற்றையும் எழுதுங்கள். யாழ்ப்பாணம், கிழக்கு, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, தென்கிழக்கு என்று தூரத்தில் உள்ளவற்றையும் விடாதீர்கள். முந்திய வருட வெட்டுப்புள்ளிகள் கற்கைநெறி, மாவட்டம் வாரியாக வெளியிடப்படுகின்றன. உங்கள் மாவட்டத்துக்கு நேரே உள்ள எண்ணையும் பிள்ளையின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்ணப்பத்தின் பிரதி ஒன்றையும், வாக்காளர் இடாப்புப் பிரதிகளையும் ஒரே கோவையில் போட்டு, அடுத்த பிள்ளைக்கும் உதவும்படி வையுங்கள்.