தாய்ப்பாலிற் கலந்த தூரதேசத்து நஞ்சு

மனிதன் நிலத்துக்கு எல்லை வகுத்தான்; காற்றுக்கும் கடலுக்கும் அவன் எல்லை வகுத்தானல்லன். ஒரு நாட்டு வயலிலே தெளித்த மருந்து, அந்நாட்டைக் கண்டறியாத ஒரு தாயின் பாலிலே காணப்பட்ட வரலாற்றையும், அதன் பயனாக உலக நாடுகள் ஒன்றுகூடிய வரலாற்றையும் இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

எளிதிற் சிதையாத சேதனச் சேர்வைகள் சில உள. பூச்சிகளைக் கொல்லும் டீ. டீ. ரீ. அவற்றுள் ஒன்று. மின்மாற்றிகளில் நிரப்பப்பட்ட பீ. சீ. பீ. என்னும் எண்ணெய்ப் பொருள் மற்றொன்று. இவை மண்ணிலும் நீரிலும் பல்லாண்டு கிடந்தும் அழிவதில்லை. கொழுப்பிலே கரைந்து உடலில் தங்கிவிடுவது இவற்றின் இயல்பு.

சுவீடன் தேசத்து இரசாயனவியலாளர் சோரென் யென்சென் டீ. டீ. ரீ.யைத் தேடி ஆராய்ந்தபோது, தம் மாதிரிகளில் இனந்தெரியாத வேறு பொருள்கள் இருத்தலைக் கண்டார். அருங்காட்சியகத்திற் பேணப்பட்ட 1944 ஆம் ஆண்டுக் கழுகிறகிலும் அவை இருந்தன. டீ. டீ. ரீ. அந்நாட்டிற் பரவுதற்கு முந்திய இறகு அது. ஆதலால் அவை வேறு பொருள்களே என்பது தெளிவாயிற்று. 1966 இல் அவை பீ. சீ. பீ. என அவர் வெளியிட்டார். தம் மனைவியின் தலைமயிரிலும் குழந்தையின் தலைமயிரிலுங்கூட அவற்றை அவர் கண்டார். இரண்டாண்டுகள் கழிந்து, 1968 இல், மேற்கு யப்பானிலே பீ. சீ. பீ. கலந்த தவிட்டெண்ணெயை உண்ட மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

ஆயினும், உலகை விழிப்புறச் செய்த செய்தி வடதுருவப் பகுதியிலிருந்தே வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலே தாய்ப்பாலை ஆராய்ந்த மருத்துவர் எரிக் டுவையி, ஒப்புநோக்குதற்கு மாசற்ற பால் வேண்டுமென்று கருதினார். ஆலைகளோ வயல்களோ இல்லாத வடபுலத்து இனுவிட் தாய்மாரின் பாலை 1980களின் பிற்பகுதியிலே பெற்றுச் சோதித்தார். முடிவு அவரைத் திடுக்கிடச் செய்தது. தென்பகுதித் தாய்மாரின் பாலிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு பீ. சீ. பீ. அப்பாலில் இருந்தது.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? வெப்ப நாடுகளில் ஆவியாகும் இப்பொருள்கள் காற்றோடு சென்று குளிர்ந்த நாடுகளிற் படிகின்றன. அங்கே கடலின் நுண்ணுயிர்களை மீன் உண்கின்றது. மீனைக் கடல்நாய் உண்கின்றது. கடல்நாயின் கொழுப்பை மனிதன் உண்கின்றான். ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிந்து, ஈற்றிலே தாயிடமிருந்து சேயைச் சேர்கின்றது. கருவிலே இந்நஞ்சுக்கு மிகுதியாக உட்பட்ட குழந்தைகளிடையே காது நோய் மிகுந்திருந்தமையைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இந்நோய்க்குத் தனியொரு நாட்டால் மருந்து காண்டல் இயலாது. எனவே, 1991 இல் வடதுருவத்தைச் சூழ்ந்த எட்டு நாடுகள் ஒரு பொதுக் கண்காணிப்புத் திட்டத்தை அமைத்தன. சோவியத் நாடும் அமெரிக்காவும் அதில் ஒருங்கே அமர்ந்தன. அவ்விஞ்ஞானிகள் திரட்டிய சான்றுகளும் துணைநிற்க, 1998 இல் மொன்றியல் நகரிலே உலகளாவிய பேச்சுவார்த்தை தொடங்கிற்று.

இங்கே ஓர் அறச்சிக்கல் எழுந்தது. அதனை நம் நாட்டார் நன்குணர்வர். 1934-35 இல் மலேரியாக் காய்ச்சல் இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. 1946 முதல் டீ. டீ. ரீ. தெளிக்கப்பட்டது; 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. தெளிப்புத் தளர்ந்தபின், 1968-69 இல் நோய் மீண்டு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது. வடபுலத்துச் சேயைக் காத்தற்கு வெப்ப நாட்டுச் சேயை நுளம்புக்கு இரையாக்கலாமா?

இவ்வினாவுக்கு விடையளிக்க முன்வந்தவர்கள் பாதிக்கப்பட்ட இனுவிட் மக்களே. 1999 இல் நைரோபியிற் கூடிய கூட்டத்திலே, அவர்களின் பிரதிநிதி ஷீலா வாற்-குளூத்தியே தாயும் சேயுமாகச் செதுக்கிய சிற்பமொன்றைக் கையளித்தார். தலைவர் ஜோன் புச்சீனி அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதனைத் தம் மேசைமீது வைத்திருந்தார். பிறநாட்டுத் தாய்மாருக்குத் தீங்கு விளைக்கும் தடையைத் தாம் வேண்டவில்லை என்பதே இனுவிட் பிரதிநிதிகளின் நிலைப்பாடாயிற்று.

2001 மே 22 ஆம் நாள் ஸ்ரொக்ஹோம் சமவாயம் ஏற்கப்பட்டது. 2004 இல் நடைமுறைக்கு வந்தது. 12 பொருள்கள் முதலில் அதில் அடங்கின. நுளம்பு முதலியவற்றாற் பரவும் நோய்களைத் தடுத்தற்கு மாத்திரம், உலக சுகாதார ஸ்தாபனத்தின் நெறிப்படி, டீ. டீ. ரீ.க்கு இடமளிக்கப்பட்டது. புதிய பொருள்களைச் சேர்ப்பதற்குமுன் 31 நிபுணர் கொண்ட குழு அவற்றைச் சீர்தூக்குகின்றது. இன்று பட்டியல் 30ஐக் கடந்துள்ளது. இலங்கையும் 2005 இல் இச்சமவாயத்தை ஏற்றது. பிற மருந்துகளாலும் இடையறாத கண்காணிப்பாலும் மலேரியாவை ஒழித்து, 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழையும் பெற்றது.

பல தேசங்களின் தாய்ப்பால் இன்றும் ஒரே முறைப்படி சோதிக்கப்படுகின்றது. பழைய நஞ்சுகள் பெரும்பாலும் குறைந்து வருகின்றன. ஆயினும், தாய்ப்பாலை நிறுத்துமாறு மருத்துவர்கள் வடபுலத்துத் தாய்மாருக்குப் பொதுவாக அறிவுறுத்தவில்லை. அதனிலும் சிறந்த உணவு சேய்க்கு இல்லை. மாற வேண்டியது பாலன்று, தொலைவிலுள்ளோரின் தொழில்முறையே என்பதை அவர்கள் வற்புறுத்தினர். அதனைச் செய்யவே நாடுகள் கூடின.