நேராக்கிய ஆறு

ஹெர்னிங்கிலிருந்து பிரண்டா அபிராமி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் ஓர் ஆற்றைக் கடக்கிறார்கள். சின்ன வயதில் நானும் பலதடவை கடந்திருக்கிறேன், காரின் பின்சீற்றில் அரை நித்திரையில். அதன் பெயர் ஸ்கியேர்ன் ஓ என்பதை நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகுதான்.

முதலில் அந்த ‘ஓ’. டேனிஷில் ஆற்றுக்கு ஒரே எழுத்துத்தான், அதை ‘ஓ’ என்று உச்சரிப்போம். தமிழிலும் ‘ஓ’ என்று ஓரெழுத்துச் சொல் உண்டு. மதகில் தண்ணீரைத் தடுக்கும் பலகைக்கு அந்தப் பெயர். ஒரு மொழியில் ஆறு, மற்ற மொழியில் ஆற்றை மறிக்கும் பலகை. தற்செயல்தான். ஆனால் இந்த ஆற்றின் கதை தெரிந்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

மலையைப் பிளந்து ஓடும் ஆறுகள் டென்மார்க்கில் இல்லை. இங்கே நிலத்தைச் செதுக்கியது பனி. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பெரும் பனிப்பாளம் யூலாந்தின் நடுப்பகுதி வரை வந்து நின்றது. உருகிய தண்ணீர் மணலை அள்ளிக்கொண்டு மேற்கே ஓடி, தட்டையான சமவெளிகளை உண்டாக்கியது. அந்த வழியில்தான் ஸ்கியேர்ன் ஓ இன்றும் போகிறது. அது பிறக்கும் இடம் தின்னெத் க்ராத் என்ற சிறு காடு. நாட்டின் மிக நீளமான ஆறான கூதெனோவும் அதே காட்டில், சில நூறு மீற்றர் தள்ளித்தான் ஊறுகிறது. ஒன்று மேற்கே வடகடலை நோக்கியும் மற்றது வடகிழக்கே கத்தெகாத் கடலை நோக்கியும் பிரிந்து போகின்றன. ஒரு வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனதுபோல என்றார் அப்பா, முதன்முறை அங்கே நின்றபோது.

நீளத்தில் கூதெனோவுக்குப் பின்னால் இருந்தாலும் தண்ணீரின் அளவில் ஸ்கியேர்ன் ஓதான் டென்மார்க்கின் பெரிய ஆறு. ரிங்கோபிங் கடனீரேரியில் விழும் இடத்தில் அதற்குக் கழிமுகம் இருந்தது. ஒவ்வொரு மாரியிலும் கரை கடந்து புல்வெளிகளை மூடும். 1513இல் கன்ஸ் மன்னன் இந்த வெள்ளத்தைக் கடக்கும்போது குதிரையோடு விழுந்து, சில வாரங்களில் ஓல்போரில் இறந்துபோனான்.

1864இல் டென்மார்க் யுத்தத்தில் தோற்று, தெற்கே பெரும் நிலத்தை இழந்தது. வெளியில் இழந்ததை உள்ளுக்குள் ஈடுசெய்யவேண்டும் என்ற எண்ணம் நாட்டைப் பிடித்துக்கொண்டது. 1866இல் என்ரிக்கோ தல்காஸ் முதலியோர் ஹேதெசெல்ஸ்காபெத் என்ற சங்கத்தைத் தொடங்கி, யூலாந்தின் தரிசு நிலங்களைப் பயிர்நிலமாக்கத் தொடங்கினார்கள். நூறு வருடம் கழித்து அதே சங்கத்தின் கைகளுக்கு இந்த ஆறும் வந்தது. 1962 முதல் 1968 வரை கீழ்ப்பகுதி ஆற்றின் வளைவுகளை வெட்டி நேர்க் கால்வாயாக்கி, இருபக்கமும் அணை கட்டி, பம்ப் நிலையங்கள் வைத்தார்கள். ஏறத்தாழ 4,000 ஹெக்டேயர் ஈரநிலம் தானிய வயலாயிற்று. அதைச் செய்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. பசியை நினைவில் வைத்திருந்த ஒரு நாடு நிலத்தைக் கூட்டிக்கொண்டது.

ஆனால் மண் கணக்கு வேறு. நாணலும் புல்லும் தண்ணீருக்குள் முழுதாக அழுகாமல் படிந்து உண்டான கறுத்த மண் அது. தண்ணீரை இறைத்ததும் காற்றுப் பட்டுக் கரையத் தொடங்கியது. சில இடங்களில் நிலம் ஒரு மீற்றர் வரை இறங்கியது. நிலம் இறங்க இறங்க பம்புகள் இன்னும் ஆழத்திலிருந்து இறைக்கவேண்டும். மண்ணிலிருந்த பைரைட் என்ற இரும்புக் கனிமமும் காற்றோடு சேர, துரு நிறச் சேறு ஆற்றில் இறங்கியது. அது மீனின் செவுளை அடைக்கும், முட்டை கிடக்கும் சரளைக் கற்களை மூடும்.

1954இல் 26.5 கிலோ எடையுள்ள சால்மன் பிடிபட்ட ஆறு இது. 1980களில் சால்மன் அழிந்ததாகவே பலர் நினைத்தார்கள். பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. பழைய மீன்களின் செதில்களை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1990களில் அந்தச் செதில்களின் மரபணுவை ஆற்றில் மிஞ்சியிருந்த சில மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவை எங்கிருந்தோ வந்த மீன்கள் அல்ல, இந்த ஆற்றின் பழைய வம்சமே என்று தெரிந்தது.

1987இல் ஆற்றை மீட்பதென்று பாராளுமன்றம் கொள்கையளவில் முடிவெடுத்தது. வேலை தொடங்கியது 1999இல்; 2002இல் முடிந்தது. 19 கிலோமீற்றர் நேர்க் கால்வாய் 26 கிலோமீற்றர் வளைந்த ஆறாயிற்று. 2,200 ஹெக்டேயரில் மறுபடி தண்ணீர். 25 கோடி குரோனருக்கும் மேல் செலவு. ஒருமுறை காசு கொடுத்து நேராக்கி, மறுமுறை காசு கொடுத்து வளைத்தார்கள்!

வயல்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். அரசு நிலத்தை வாங்கியது, அல்லது வேறு நிலம் மாற்றிக் கொடுத்தது. 2007இல் டென்மார்க்கின் முதல் ஐந்து தேசியப் பூங்காக்களில் ஒன்றாக ஸ்கியேர்ன் ஓ அறிவிக்கப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்து, கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதனால் நீர்நாயும் நாணல் கொக்கும் திரும்பி வந்த இந்தப் பள்ளத்தாக்கு இன்றும் தேசியப் பூங்கா இல்லை.

எனக்கு அது கோபம். அப்பாவிடம் சொன்னேன். அவர் அராலியில் வழுக்கையாற்றுப் பக்கம் நெல் விதைத்த குடும்பம். மாரியில் மட்டும் ஓடும் ஆறு அது.

“தாத்தா வெட்டின வாய்க்காலைப் பேரனிட்டை மூடச் சொன்னால் நோகாதே? நிலத்தை விட்டிட்டு வந்தவனுக்குத்தான் அது தெரியும்” என்றார்.

“அப்ப மீனுக்கு நோகாதா அப்பா?”

அவர் பதில் சொல்லவில்லை. நாங்கள் நின்றது கழிமுகத்தில், கயிற்றைக் கையால் இழுத்து அக்கரைக்குப் போகும் தட்டைத் தோணியில். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு காலத்தில் இறைத்துக்கொண்டிருந்த பம்ப் நிலையம் தூரத்தில் தெரிந்தது. இப்போது அதன் மேல் ஏறிப் பறவை பார்க்கிறார்கள்.

நடு ஆற்றில் அப்பா இழுப்பதை நிறுத்திவிட்டு, குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார். “உப்பில்லை” என்றார். பிறகு மறுபடி கயிற்றைப் பிடித்தார்.